யாரும் சாகாத சோக நாடகம்

ஷ்யாம்சுந்தர் லண்டனுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். மகன் வீட்டில் மூன்று மாதம் பேரனுக்கு டயபர் மாற்றிவிட்டு வந்தவர், வரும்போது சாக்லேட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். கூடவே ஒரு நாடகத்தையும் கொண்டுவந்துவிட்டார். வேறு யாராவதாக இருந்தால் நாலு போட்டோவைக் காட்டி அறுத்துவிட்டு விட்டிருப்பார்கள். இவர் செம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் குடியிருப்பின் அசோசியேஷன் செக்ரட்டரி. நவம்பரில் ஆண்டு விழா வேறு வருகிறது. எங்கள் தலையெழுத்தை யார் மாற்ற முடியும்.

வழக்கமாக எங்கள் ஆண்டு விழா யாருக்கும் தீங்கு செய்யாது. குழந்தைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடும், ரிட்டையர்டு ஆசாமிகள் கரோக்கியில் கத்துவார்கள், தம்போலா நடக்கும், பிசிபேளாபாத் சாப்பிட்டுக் கலைந்துவிடுவோம். இந்த வருஷம் அதெல்லாம் கிடையாது, உலகத்தரமான சோக நாடகம் ஒன்றைத் தமிழில் போடப்போகிறோம் என்று ஷ்யாம்சுந்தர் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். உடனே ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மையை அனுப்பினார்கள். ஒருத்தராவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

நானூறு வருஷத்து ஆங்கில நாடகம் அது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஷ்யாம்சுந்தர் எங்கிருந்தாலும் ஓடிவந்து உச்சரிப்பைத் திருத்துவார். பெயர் தெரியாவிட்டாலும் கதை எல்லோருக்கும் தெரியும். ராஜா செத்துப்போகிறார். ராணி கொழுந்தனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். செத்த ராஜா ஆவியாக வந்து, தம்பிதான் தன்னைக் கொன்றான் என்று மகனிடம் சொல்கிறார். மகன் யோசிக்கிறான். யோசித்துக்கொண்டே இருக்கிறான். அவன் யோசித்து முடிப்பதற்குள் மேடையில் நிற்கிற அத்தனை பேரும் செத்து விழுந்துவிடுகிறார்கள்.

இந்த நாடகம் போகாத ஊர் இல்லை, இதிலிருந்து திருடாத சினிமாக்காரன் இல்லை. அந்தப் பையன் மண்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற படம் காபி கோப்பையில் வருகிறது, பனியனில் வருகிறது. ஷ்யாம்சுந்தர் இரண்டையும் வாங்கி வந்திருந்தார். அதில் வரும் பிரபலமான வசனம் தெரியாத ஆள் கிடையாது, அதற்கு அடுத்த வரி தெரிந்த ஆளும் கிடையாது. நான் சேலையூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்கு ஆங்கிலம் எடுப்பவள். இந்தக் கதையைச் சுருக்கிப் பாடமாக நடத்தியிருக்கிறேன். நானூறு வருஷமாக உலகமே பையன் பக்கம்தான். ராணி ஏன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்கு ஐந்து மார்க். அவள் பலவீனமானவள் என்று எழுதினால் ஐந்தும் கிடைக்கும். அவளை யாரும் கேட்கவில்லையே டீச்சர் என்று எந்தப் பிள்ளையும் இதுவரை எழுதவில்லை.

என் பெயர் சத்யபிரியா. வயது நாற்பத்து நாலு. கணவர் பத்மநாபன் மீனம்பாக்கத்தில் கார்கோ பிரிவில் இருந்தார். நெஞ்சு வலி என்று சொன்னவர் ஆஸ்பத்திரி வாசல்வரை பேசிக்கொண்டுதான் வந்தார். ஐந்து வருஷம் ஆகிறது. மகள் சின்மயி கேளம்பாக்கம் தாண்டி ஒரு காலேஜில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். இதெல்லாம் காலனிக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. வருகிற தை மாதம் நான் துரையைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன்.

துரை ஊரப்பாக்கத்தில் மைக் செட் வைத்திருக்கிறார். சொந்த ஊர் கோவளம். அவருடைய அம்மா அங்காளம்மா இன்னும் அங்கே மீன் விற்கிறார். தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது துரைக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. எங்கள் பள்ளி விழாக்களுக்கு அவர்தான் மைக். யார் பேசினாலும் கரகரக்கும் மைக் நான் பேசினால் மட்டும் சுத்தமாகக் கேட்கிறதே என்று ஒருநாள் அவரிடமே போய்க் கேட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது. மீன் பொரித்தால் வாசம் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டுகிற காலனி இது. இவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் சின்மயிதான்.

அவள் அப்பா பெண். அவர் போன அன்றைக்கு என்னிடம் அழவில்லை, அவர் செருப்பைப் பார்த்து அழுதாள். அவளிடம் இதை ஃபோனில் சொல்ல முடியாது. ஆண்டு விழாவுக்கு வருகிறாள், நாடகம் முடிந்த கையோடு உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அவள் வேண்டாம் என்றால் நான் துரையை விட வேண்டியதுதான். இதை துரையிடமும் சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார். சரி என்கிற ஆளிடம் சண்டை போடவும் முடியாது.

நாடகத்துக்கு வருவோம். ராணிக்கு ஆள் கிடைக்கவில்லை. பட்டுப் புடவை உண்டு, கிரீடம் உண்டு, வீடியோவில் நிறைய நேரம் வரலாம். ஆனால் முதல் காட்சியிலேயே புருஷன் செத்திருக்கிறான். எந்தச் சுமங்கலி ஒத்துக்கொள்வாள்? ஒருத்தியின் வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார். ஒருத்திக்கு வரலக்ஷ்மி நோன்புச் சரடு இன்னும் கையில் இருந்தது. ஒருத்தி மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவள், அதற்குப் பிறகு எங்களைப் பார்த்தாலே லிஃப்டை விட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தாள். கடைசியில் ஷ்யாம்சுந்தரும் காமு மாமியும் என் வீட்டுக்கு வந்தார்கள். காமு மாமி அசோசியேஷன் தலைவர் லக்ஷ்மிநாராயணனின் மனைவி. தலைவர் கையெழுத்துப் போடுவார், எங்கே போடுவது என்று மாமி காட்டுவார்.

மாமி ரொம்ப நேரம் என் வீட்டுத் திரைச்சீலையைப் பாராட்டினார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"மத்தவாளுக்கெல்லாம் யோசனையா இருக்குடி. உனக்குன்னா தோஷமில்லையோன்னோ."

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். நவராத்திரிக்கு எல்லோரையும் கூப்பிட்டு வெற்றிலைப் பாக்கும் குங்குமமும் கொடுக்கிற மாமி, எனக்கு மட்டும் சுண்டலை டப்பாவில் போட்டு வீட்டுக்கே அனுப்பிவிடுவார். நான் போய்ச் சங்கடப்பட வேண்டாமாம். ஐந்து வருஷமாக விளக்கேற்றும்போது என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கவைத்தவர்கள், இப்போது மேடைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்த வந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே ஒத்துக்கொண்டேன். இப்படி ஒரு வேடிக்கையை யாராவது விடுவார்களா?

இளவரசனாக நடிப்பது யார் என்று கேட்கவே தேவையில்லை. ஷ்யாம்சுந்தருக்கு அறுபது முடிந்துவிட்டது. மீசைக்கு மை அடித்துக்கொண்டு, இடுப்பில் பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, என்னை விடப் பதினாறு வயது மூத்த அந்த மனிதர் ஒத்திகையில் என் எதிரில் மண்டியிட்டு "தாயே" என்றார். குழந்தாய், பிபி மாத்திரை போட்டாயா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது திருத்தம். நாடகம் நடக்கிற ஹாலில் அடுத்த வாரம் ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது. அதனால் மேடையில் சாவு கூடாது என்று லக்ஷ்மிநாராயணன் சொன்னார், அதாவது மாமி சொன்னார். சோக நாடகம் போடலாம், அமங்கலம் இருக்கக் கூடாது. தலைவர் முதலில் ஆவியாக வருவதாக இருந்தது. கட்டின புருஷனைப் பேயாகப் பார்க்க மாமி சம்மதிக்கவில்லை. சரி, தம்பி ராஜாவாகப் போடலாம் என்றால் அவன் ராணியைக் கல்யாணம் செய்துகொள்கிறவன். அதற்கு மாமி இன்னும் சம்மதிக்கவில்லை. கடைசியில் தலைவர், ராணியைக் கூடப்பிறந்த சகோதரியாக எண்ணி நாட்டைப் பார்த்துக்கொள்கிற நல்லவர் ஆனார். விஷம் மயக்க மருந்தானது. கத்திச் சண்டையில் தோற்றவர்கள் எல்லோரும் களைத்து உட்கார்ந்தார்கள். தண்ணீரில் விழுந்து சாகிற பெண் கனடாவுக்கு மேல்படிப்புக்குப் போய்விட்டாள், அவளுடைய அம்மாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி. மண்டை ஓட்டுக்குப் பதில் ஒரு முற்றின தேங்காய் வந்தது. ஷ்யாம்சுந்தர் அதைக் கையில் ஏந்தி வாழ்க்கையின் நிலையாமையைப் பற்றி உருகினார். நார் உரித்த தேங்காய், அதுவும் தன் பங்குக்கு அவரைப் பார்த்தது.

யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை என்றால் இளவரசனுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்டேன். ஷ்யாம்சுந்தர் தாடையைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"ப்ராப்பர்ட்டி பிரச்சினைன்னு வச்சுக்கலாம் மேடம். நம்ம ஆடியன்ஸுக்கு ஈஸியா கனெக்ட் ஆகும்."

ஆனால் ஒரு காட்சியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மகன் தாயின் அறைக்குப் போய், அப்பாவை எப்படி மறந்தாய் என்று கேட்டு அவளை நார்நாராகக் கிழிக்கிற காட்சி. லண்டனில் அதற்குத்தான் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். கொழுந்தன் கல்யாணம்தான் இல்லையே, பிறகு எதற்குத் திட்டுவது? அதற்கும் வழி வைத்திருந்தார். ராணி மனத்தளவில் மறுமணத்தைப் பற்றி லேசாக நினைத்துவிட்டாள். அவ்வளவுதான். அதற்கு மூன்று பக்கம் வசனம். கடைசியில் ராணி அழுது, இறந்த கணவன் மேல் ஆணையாக இனி யாரையும் மனத்தாலும் நினைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். திரை விழும். பெண்கள் அழுவார்கள். கூஜாவில் காபி வரும்.

படித்துப் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் நாடகம்தானே என்று மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன்.

சத்தியம் செய்ய ராஜாவின் படம் வேண்டும். ராஜாவாவது செத்திருக்க வேண்டாமா, இல்லையென்றால் கதையே இல்லை. அதனால் அந்த ஒரு சாவை மட்டும் மாமி அனுமதித்தார். மாலை போட்ட படம் ஒன்று, பக்கத்தில் விளக்கு. இங்கே வந்து மாட்டிக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிற எவனுடைய படத்துக்கு மாலை போடுவது? எந்தப் பெண்டாட்டி கொடுப்பாள்? நெட்டில் இருந்து யாரோ ஒரு வெள்ளைக்காரன் படத்தை எடுக்கலாம் என்றார் ஷ்யாம்சுந்தர். அந்தப் பிராமணன் எங்கேயாவது உயிரோடு இருந்தால் பாவமில்லையா, அவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாளே என்று மாமி தடுத்துவிட்டார். வெள்ளைக்காரன் எப்போது பிராமணன் ஆனான் என்று நான் கேட்கவில்லை.

மறுபடி இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரும்போதே ஷ்யாம்சுந்தரின் கண் சுவரில் போய் நின்றது. பத்மநாபன் அங்கே சந்தன மாலையோடு, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியபடி இருந்தார். என் தங்கை கல்யாணத்தில் எடுத்த படம்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சார் படம்… ஏற்கனவே மாலை போட்டதுதானே."

கேட்டதும் எனக்கு வந்தது கோபம் இல்லை. சிரிப்புதான். இதைவிட ஒரு கூத்து உண்டா? எல்லா ஆண்டு விழாவிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்ட மனிதரை, செத்த பிறகு கதாநாயகனாக மேடையேற்றுகிறார்கள். தாராளமாக எடுத்துட்டுப் போங்க, தீபாவளி சீரியல் பல்புகூட இருக்கு, வேணுமா என்று கேட்டேன். கிண்டல் என்று புரியும் என்று நினைத்தேன். ஷ்யாம்சுந்தர் சீரியல் பல்பையும் வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலையே துரைக்கு ஃபோன் செய்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

துரைதான் நாடகத்துக்கு மைக்கும் லைட்டும். வழக்கமான ஆளைவிடக் கொஞ்சம் சகாயமாக வருவார் என்று நானே சொல்லி ஏற்பாடு செய்திருந்தேன். காலனியில் அவரை லைட்மேன் என்று கூப்பிட்டார்கள். கடைசி ஒத்திகையில் நான் சத்தியம் செய்கிற இடத்தை இரண்டு தரம் கேட்டுவிட்டு, எல்லோரும் போன பிறகு வயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நாடகந்தானே, இன்னா வேணா பேசிக்கோங்க டீச்சர். ஆனா அவுரு போட்டோ முன்னாடி பொய் சத்தியம் வாணாம்."

அதெல்லாம் அட்டைக் கிரீடத்தை வைத்துக்கொண்டு செய்கிற சத்தியம், கணக்கில் வராது என்றேன். கிரீடம் அட்டைதான், அவரு அட்டையில்லையே என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்றப் போய்விட்டார். ஷ்யாம்சுந்தர் சீரியல் பல்பைக் கொண்டுவந்து கொடுத்தபோதும் துரை அதைத் தன்னுடைய லைனில் போட மறுத்துவிட்டார். லோடு தாங்காது என்றார். இரண்டு ஸ்பீக்கரும் எட்டு ஃபோகஸ் லைட்டும் தாங்குகிற லைன், ஒரு முழ சீரியல் பல்பைத் தாங்காதாம். ஷ்யாம்சுந்தர் தானே போய் மேடையோரத்து ப்ளக்கில் செருகிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாடகம். மழை பிடித்துக்கொண்டதால் வெளியே போக வழியில்லாமல் காலனி முழுக்க வந்துவிட்டது. சின்மயி கோவளத்திலிருந்து வருகிற பஸ்ஸைப் பிடித்து, தாம்பரத்தில் மாறி, நனைந்துகொண்டு நேராக ஹாலுக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு அவளிடம் பேச நேரமில்லை. படத்தைப் பற்றியும் சொல்லவில்லை. பார்த்தால் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

முதல் பாதியை ஜனங்கள் பொறுமையாகத் தாங்கினார்கள். தேங்காய் வந்த இடத்தில் ஒரு குழந்தை "சட்னி" என்றது. பிறகு நம்முடைய காட்சி வந்தது. திரை விலகியதும், மேடைக்கு நடுவில் ஜரிகைத் துணி விரித்த நாற்காலியில் பத்மநாபன் இருந்தார். சந்தன மாலைக்கு மேலே ஆளுயர பிளாஸ்டிக் ரோஜா மாலை ஒன்று. சுற்றிலும் பச்சையும் சிவப்புமாகப் பல்பு எரிந்து எரிந்து அணைந்தது. மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். சின்மயி சிரிக்கவில்லை.

ஷ்யாம்சுந்தர் மூன்று பக்கத்தையும் விடாமல் பேசினார். எச்சில் தெறிக்கப் பேசினார். பெண் புத்தி என்றார், பஞ்சணை என்றார், தந்தையின் சிதையின் சூடு ஆறவில்லை என்றார். நானூறு வருஷமாக எத்தனையோ மொழியில் எத்தனையோ பேர் திட்டித் தீர்த்த அந்தப் பொம்பளையின் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். முன்வரிசையில் காமு மாமி கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஆணையிட்டுக் கூறுங்கள் தாயே! தந்தையாரின் திருவுருவத்தின் மீது ஆணையிட்டுக் கூறுங்கள்!"

கையை நீட்டினேன். கை படத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. பத்மநாபன் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கும் நன்கொடை கேட்டு வருகிறவர்களுக்கும் அவர் சொல்லாத பொய் கிடையாது. என்னிடம் மட்டும் சொன்னதில்லை. வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்பதைக்கூட ஆட்டோவில் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் பொய் சொல்ல முடியாது.

"முடியாது" என்றேன்.

என் மைக் எப்போதும்போல சுத்தமாகக் கேட்டது. நான் வசனம் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஷ்யாம்சுந்தர் மீசைக்கு அடியில் அடியெடுத்துக் கொடுத்தார். மறுபடி முடியாது என்றேன். மேடையில் சும்மா நிற்கத் தெரியாத மனிதர் அவர். எதையாவது பேசி நிரப்ப வேண்டும் என்று, அப்படியானால் யாரை மணக்கப் போகிறீர்கள் தாயே என்று சொந்தமாக ஒரு வரியைப் போட்டார். கேட்டால் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

"பின்னாடி லைட் போட்டுக்கிட்டிருக்காரே, அவரை."

ஹால் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை எங்கள் காலனி கேட்டதில்லை. லக்ஷ்மிநாராயணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அழுவதற்கு எடுத்து வைத்திருந்த கைக்குட்டையால் மாமி சிரித்த கண்ணைத் துடைத்தார். என்ன டைமிங், என்ன டைமிங் என்று யாரோ கத்தினார்கள். ஒரு விதவையும் ஒரு லைட்மேனும் என்றால் அது காமெடி அல்லாமல் வேறென்ன. நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது வாய் தானாகப் போகிறது.

சின்மயி திரும்பிப் பின்னால் இருந்த துரையைப் பார்த்தாள். அவர் லைட் மேஜையில் இரண்டு கையையும் வைத்தபடி தலைகுனிந்து நின்றார். அவள் எழுந்து, பக்கவாட்டுப் படி வழியாக மேடைக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சீரியல் பல்பின் ப்ளக்கைப் பிடுங்கினாள், நாற்காலியிலிருந்து அப்பாவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள், வந்த வழியே இறங்கி மழையில் போய்விட்டாள். அதற்கும் கைதட்டினார்கள். மகளையும் இறக்கிவிட்டார் பாருங்கள் டைரக்டர் என்று பேசிக்கொண்டார்கள்.

ஷ்யாம்சுந்தருக்கு அதற்கு மேல் வசனம் வரவில்லை. சைகை காட்டினார். எல்லோரும் திட்டப்படி மயங்கி விழுந்தார்கள், திட்டப்படி எழுந்தார்கள், மங்களம் பாடினார்கள். நான் அதற்குள் தலையில் கிரீடத்தோடு மழையில் நடந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சின்மயி தரையில் உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டு, துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் மாலை மூலையில் கிடந்தது. நான் எதிரில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை எத்தனை நாளாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அது நிஜமா என்று அவளே கேட்டாள். நிஜம் என்றேன். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். இரண்டு வருஷமாக என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே துடைத்தாள்.

"பண்ணிக்கோம்மா. நீ தனியா இருக்கறது எனக்கு மட்டும் தெரியாதா."

எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பாவ எதுக்கு அவங்களுக்குக் குடுத்த?"

கேட்டார்கள், கொடுத்தேன் என்றேன். கேட்டால் கொடுத்துவிடுவாயா என்றாள். காமு மாமியைச் சொன்னேன், வெள்ளைக்காரன் படத்தைச் சொன்னேன், யாரும் தங்கள் வீட்டு ஆளின் படத்துக்கு மாலை போட ஒத்துக்கொள்ளாததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு பெரிய கூத்து என்று அவளுக்கும் புரியும் என்று நினைத்தேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

"அவங்கவங்க வீட்டு ஆளுன்னா அவ்ளோ பயந்தாங்க இல்ல? நம்ம வீட்டு ஆளுன்னா நீ சிரிச்சியாம்மா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். ஸ்டாஃப் ரூமில் என் வாய்க்குப் பயந்து நாற்காலியை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அன்றைக்குத் தலையில் இருந்த கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன். பல்பு எரிந்து அணைந்தபோது அவள் எதைப் பார்த்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஹாலில் அவர் படத்துக்கு முன்னால் என்னோடு சேர்த்து எல்லோரும் சிரித்திருக்கிறோம். எனக்கும் அழுகை வந்தது. பத்மநாபன் போனபோது வந்ததைவிட இது கேவலமான அழுகை, என் மேலேயே வந்த அழுகை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போட்டோ கொடுத்தது அந்த லைட்காரருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவர் என்ன சொன்னார் என்றாள். பொய் சத்தியம் வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். கிரீடம் அட்டை, அவர் அட்டையில்லை என்றதைச் சொன்னேன். சீரியல் பல்பைத் தன் லைனில் போட மறுத்ததையும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எழுந்து, படத்தைச் சுவரில் மாட்டினாள். கோணலாக இருந்தது. இரண்டு தரம் சரிசெய்தாள்.

"அவர வரச் சொல்லு. நான் பேசணும்" என்றாள். பிறகு, நான் ஃபோனை எடுக்கும்போது, "நீ நடுவுல ஒண்ணும் பேசாதம்மா. அவரே பேசட்டும்" என்றாள்.

துரை நனைந்துகொண்டே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, உட்காரச் சொல்லும்வரை சுவரைப் பார்த்து நின்றார். அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள். நான் காபி கலந்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.